அப்பா தண்ணி குடிச்சு முழுங்கிய சாக்லேட்

கண்ணு, முதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன், அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டு என்னை ஆட்டி வைக்கக்கூடாது. கிறிஸ்துமஸுக்குக் கப்பலை விட்டு இறங்கி வந்தியே, பெட்டியைத் திறந்து கறுப்பு சாக்லேட் கட்டிகளை அடுக்கி வச்சு, ஒண்ணை உடைச்சு என் வாயில போட்டியே, நானும் கண்ணை மூடிக்கிட்டு "ஆகா, என்னா ருசிடா"ன்னு சொன்னேனே, அது பச்சைப் பொய். நீ அந்தப் பக்கம் திரும்பினதும் பின்பக்கம் ஓடிப்போய் மல்லிச்செடி மேல துப்பிட்டேன். வேப்பங்கொட்டையைக் கரியில புரட்டி, வழவழன்னு தேய்ச்சு, பளபளா காகிதத்துல சுத்தி எவனோ என் புள்ளையை ஏமாத்திட்டான்னு நினைச்சேன். அதோட நிக்கல. நீ ஊருக்குப் போனதும் ஒரு கட்டியை அம்மியில தட்டி, வெல்லமும் வேர்க்கடலையும் சேர்த்து உருண்டை பிடிச்சு, பக்கத்து வீட்டு சகாயத்துக்கிட்ட "எம்புள்ள கொண்டாந்த வெளிநாட்டுப் பலகாரம்"னு பெருமையா நீட்டினேன். அவ ஒரு உருண்டையை முழுசாத் தின்னு முடிச்சுட்டு, "நல்லாத்தான் கீதுக்கா, ஆனா இது பிரசவ லேகியம்தானே, இப்ப யாருக்கு?"ன்னு கேட்டா. கள்ளிக்குப்பம் முழுக்க எனக்கு மசக்கைன்னு பேச்சு ஆகறதுக்குள்ள அவ வாயை அடைக்க இன்னும் நாலு உருண்டை ஆச்சு.

சரி, சிரிச்சு முடிச்சியா? இப்போ விஷயத்துக்கு வரேன். மே மாசம் உனக்குக் கல்யாணம். முத்தாபுதுப்பேட்டைப் பொண்ணு உன்னைத் திருத்தப்போறா, நான் எதுக்கு அறிவுரை சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா நடுவுல வீட்டுல ஒண்ணு நடந்துபோச்சு. உன் சாக்லேட்டை நம்பி உங்கப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டார். பதறாதே, ஆள் நல்லா இருக்கார், இதை எழுதும்போதுகூட வாசல்ல சைக்கிளைக் கவுத்துப்போட்டு அதுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருக்கார். ஃபோன்ல சொல்லலாம்னா பூத்துக்குள்ள என் தோள்மேல முகவாய்க்கட்டையை வச்சுக்கிட்டு நிக்கறாரு, எப்படிச் சொல்ல? அதான் எழுதறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு நீ அப்பவே சொல்லுவே. அஞ்சாம்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவ எழுத்து அப்படித்தான் இருக்கும், கோழி வளர்த்த குஞ்சு நீ, உனக்குப் புரியும். எனக்குத்தான் நடந்தது எதுவும் முழுசாப் புரியல. யார் சரி யார் தப்புன்னு தெரியாமத்தான் எழுதறேன், தெரிஞ்சா எழுதவே வேணாமே.

உங்கப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியும், ஆனா அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, இதை அவளும் படிக்கட்டும். அவர் வாயில அதிகமா வந்த வார்த்தை "எனக்கு வேணாம்". கோயில் திருவிழாவுல உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துட்டு, "எனக்குப் பல் கூசும்"னு தள்ளி நிப்பார். அதே மனுஷன் வீட்டுக்கு வந்து, மார்கழிக் குளிர்ல ராத்திரி வச்ச பானைத் தண்ணியைக் கடகடன்னு குடிப்பார், அப்போ எந்தப் பல்லும் கூசாது. கல்யாண வீட்டுப் பந்தியில அவர் இலையில விழுந்த கறித்துண்டெல்லாம் நடந்து உன் இலைக்கு வந்துடும். நீ ரெண்டாவது படிக்கும்போது பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்தது போக மிச்சமிருந்த மிட்டாயை அவர் சட்டைப்பையில போட்டு, "அப்பா, ஃபேக்டரில போய்த் தின்னு"ன்னு சொல்லி அனுப்பினே. ஃபேக்டரி எஸ்டேட்டுல நாள் முழுக்க வெல்டிங் நெருப்புக்கிட்ட நின்னுட்டு, சாயங்காலம் அதை அப்படியே கொண்டாந்து, கத்தியால ரெண்டா வெட்டி உனக்குப் பாதி எனக்குப் பாதின்னு கொடுத்தார். காகிதம் அதோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ காகிதத்தோட தின்னே. இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தி, இந்த ஆளுக்கு என்ன பிடிக்கும்னு யாராவது கேட்டா, எனக்குப் பதில் தெரியாது. புளிக்குழம்பு நல்லாருந்தாலும் "ம்", உப்பில்லாம போனாலும் "ம்".

என் கதை வேற. நான் உன்னை சாக்லேட் தின்ன விடாததுக்குக் காரணம் சொல்லிக்கிட்டே இருப்பேன். தின்னா பல்லுல பூச்சி, வயித்துல பூச்சி, சளி, சொறி. அப்படியெல்லாம் பயமுறுத்தி வளர்த்த புள்ள, கதவு நிலை இடிக்கற உசரத்துக்கு வளர்ந்து வந்து நின்னுக்கிட்டு, "அம்மா, இது இதயத்துக்கு நல்லது"ன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் பூச்சியெல்லாம் எங்கடா போச்சு? நீ என்னமோ விளக்கினே. இது பால் சாக்லேட் இல்ல, கறுப்பு. கொக்கோ அதிகம், சர்க்கரை கம்மி. அந்தக் கொட்டையில இருக்கற ஏதோ ஒண்ணு ரத்தக்குழாயை இளக்கிக் கொடுக்கும், மனசு வாட்டமா இருந்தா கொஞ்சம் தூக்கி விடும், பெரிய சமையல்காரர் சொன்னாருன்னு சொன்னே. கப்பல்ல நீ வெங்காயம் உரிக்கிறவன்னு எனக்குத் தெரியும், ஆனா உங்கப்பா ஃபேக்டரில "மகன் கப்பல்ல கீறான்"னு சொல்ற தோரணையில நீதான் கப்பலைத் திருப்பறவன். நீ சொன்னா அது வேதம். அதே நீ அடுப்பாங்கரைக்கு வந்து என் காதுல, "சும்மா குடுத்தா அவரு தின்னமாட்டாரும்மா, மருந்துன்னு சொன்னாத்தான் வாயத் தொறப்பாரு"ன்னு சொல்லிக் கண்ணடிச்சே. நீ போனப்புறம் நாள்பூரா அதான் என் யோசனை. நீ கண்ணடிச்சது எந்தப் பாதிக்குடா? சமையல்காரர் சொன்னது மெய்யா, இல்ல மொத்தமும் அவரைத் தின்ன வைக்கச் சொன்ன சாக்கா?

உன் தந்திரம் பலிச்சுது, அதுல குறையே இல்ல. "எனக்கு வேணாம்"னு சொல்ல வாயெடுத்தவர், பிரஷருக்கு நல்லதுன்னதும் கையை நீட்டினார். நீ ரயிலேறின அன்னிக்கு மத்தியானமே ஆரம்பிச்சுட்டார். சாப்பாடு முடிஞ்சு, கையைக் கழுவி, ஒரு சதுரத் துண்டை உடைச்சு, அண்ணாந்து தொண்டைக்குள்ள போட்டு, சொம்புத் தண்ணியை ஊத்தி மடக்குன்னு முழுங்கினார். முழுங்கினாரா, கண்ணு ரெண்டும் முன்னால வந்துருச்சு. ஓடிப்போய் முதுகுல ரெண்டு போட்டேன்.

"மென்னு தின்னுங்களேன், இன்னா மனுஷன் நீங்க!"

"மருந்த எவனாச்சும் மெல்லுவானா?"

இதுக்கு நான் என்ன சொல்லணும்? 'அது மருந்து இல்ல, ருசிக்கு'ன்னு சொன்னா அடுத்த நிமிஷம் கட்டியை என் கையில கொடுத்துடுவார். அதனால நான் என்ன பண்ணேன் தெரியுமா, முழுங்க வசதியா இருக்கட்டும்னு சதுரத்தை நாலா உடைச்சு பிஸ்கட் டப்பாவுல போட்டு, மாத்திரை அட்டைக்குப் பக்கத்துலேயே வச்சேன். அதாவது மருந்தோட மருந்தா நானே சேர்த்து வச்சேன். இதுல உன் பங்கு பாதி, என் பங்கு பாதி.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கறி வாங்கிட்டு வந்து சைக்கிளை விட்டு இறங்கினவர், விளக்குக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னார். பை கையில, சைக்கிள் கீழ. ஓடிப்போய்க் கேட்டா, "ஒண்ணுமில்ல, வெயிலு கண்ணுல அடிச்சுருச்சு"ன்னார். சூரியன் அவர் முதுகுப் பக்கம் இருந்துச்சு. நான் நேரா உள்ள போய் டப்பாவைத் திறந்தேன். சாக்லேட் பாதி காலி, மாத்திரை அட்டை புதுசு மாதிரி அப்படியே இருக்கு.

"இன்னாங்க இது?"

"ஒரு நோவுக்கு ரெண்டு மருந்து எதுக்கு? ஒடம்பு சூடாயிடும்."

"அதுக்கு டாக்டரம்மா எழுதிக் குடுத்தத நிறுத்துவீங்களா?"

"அது கடையில கெடக்குது, எப்ப வோணா வாங்கலாம். இது புள்ள கடல் தாண்டிக் கொண்டாந்தது."

எனக்குப் பயம் வந்துருச்சு கண்ணு. சகாயத்துக்கிட்ட போய்ச் சொன்னேன். அவ, "பயப்படாதீங்கக்கா, எங்க சித்தப்பா வெந்தயம் தின்னே சர்க்கரை மாத்திரைய நிறுத்தினாரு"ன்னா. ஆறுதலா இருந்துச்சு. "அப்புறம் எப்படி இருக்காரு?"ன்னேன். "அப்புறம் அவரே நின்னுட்டாரு, அது ஆச்சு நாலு வருசம்"னா. ஆறுதல் சொல்ல வந்தாளா, சாவு சொல்ல வந்தாளான்னு இன்னும் எனக்குத் தெரியல.

அதுக்குள்ள சாம்பல் புதன் வந்துருச்சு, ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கு ஒண்ணை விடணுமே. தவக்காலத்துக்கு நான் புறணி பேசறதை விட்டேன், பாதி நாள் தாங்கிச்சு. உங்கப்பா வருஷா வருஷம் போல "நான் இனிப்ப விடறேன்"னார். மொட்டைத்தலையன் தவக்காலத்துக்குச் சீப்பை விட்ட கதைதான், இனிப்புன்னா எந்தப் பக்கம்னே தெரியாத மனுஷன். சும்மா சீண்டலாம்னு, "அப்போ சாக்லேட்டு?"ன்னேன். "அது மருந்து"ன்னார். சொன்னது பெரிசில்ல, எவ்வளவு வேகமா சொன்னார் தெரியுமா? எதுக்கும் "ம்" சொல்ற ஆளு. எனக்கு எங்கேயோ இடிச்சுது. மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் பாத்திரம் எடுக்கற மாதிரி போய் எட்டிப் பார்த்தேன். சுவத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கார். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கு. வாய் அசையல. கண்ணு மூடியிருக்கு. சொம்புத் தண்ணி தொடாம அப்படியே நிறைய இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு நாக்கால மேல்வாயைத் தடவி, பெருமூச்சு விட்டார்.

நான் சத்தமில்லாம திரும்பி அடுப்பாங்கரைக்கு வந்து, கழுவின தட்டையே திரும்பக் கழுவினேன். சந்தோஷமா, பயமான்னு சொல்லத் தெரியல. இந்த மனுஷனுக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு! கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நான் தேடினது உன் பெட்டியில வந்து இறங்கியிருக்கு. ஆனா என் நிலைமையைப் பாரு. அது மருந்துதான்னு நான் ஒத்துக்கிட்டா மாத்திரையைத் தொடமாட்டார், அடுத்த கம்பத்தைப் பிடிக்கக் கை எட்டலைன்னா என்ன ஆகும்? அது மருந்தில்ல, தின்பண்டம்னு சொன்னா அந்த நிமிஷமே தவக்காலத்துக்கு விட்டுடுவார், அப்புறம் 'எனக்கு வேணாம்'னு அப்படியே விட்டாலும் விட்டுடுவார். உசிரைக் காப்பாத்தறதா, உசிருக்குப் பிடிச்சதைக் காப்பாத்தறதா? அஞ்சாம்கிளாஸ்ல இந்தக் கணக்கெல்லாம் சொல்லித் தரல.

அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்ட போனேன். "ஃபாதர், கசப்பா இருக்கற சாக்லேட்டு இனிப்புல சேருமா, மருந்துல சேருமா?" அவர் பூசைப் புத்தகத்தை மூடினார். "யாருக்கும்மா?" "வீட்டுக்காரருக்கு." "அவருக்கு அது பிடிக்குமா?" "அவருகிட்ட கேட்டா சொல்லமாட்டாரு ஃபாதர், ஆனா கன்னம் உப்பியிருக்கு." அவர் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "பிடிச்சதை விட்டாத்தாம்மா ஒறுத்தல், பிடிக்காததை விட்டா அது லாபம். பிரஷருக்கு டாக்டர்கிட்ட போங்க, நான் பாவத்துக்கு மட்டும்தான்"னு அனுப்பிட்டார்.

எனக்கு முழங்கால் வலின்னு பொய் சொல்லி அவரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுத் தெருமுனை டாக்டரம்மாகிட்ட போனேன். உள்ள போனதும் அவரைப் பிடிச்சு நாற்காலியில உட்கார வச்சேன். டாக்டரம்மா கையில பட்டையைச் சுத்தி, காத்து அடிச்சுப் பார்த்தாங்க. இறக்கிட்டு இன்னொரு தடவை அடிச்சாங்க. அந்த ரெண்டாவது தடவை அடிச்சப்போ எனக்கு நெஜமாவே முழங்கால் வலி வந்துருச்சு.

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"மருந்து சாப்பிடறேம்மா, ஒரு நாளும் உட்டதில்ல."

பொய்யே சொல்லாத மனுஷன் பொய் சொல்லாமயே தப்பிக்கறதைப் பாரு! காகிதமும் சேர்த்துப் பையில மறைச்சுக் கொண்டுபோன டப்பாவை நான் மேசை மேல கவுத்தேன். டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்தாங்க, சாக்லேட் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சாங்க, அப்புறம் கேக்காமக்கொள்ளாம ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க. "நல்ல சாக்லேட். நல்லதுன்னு சொல்றாங்க, நிஜமா எவ்வளவு நல்லதுன்னு இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க. சர்க்கரை கம்மி, ஒரு சின்னத் துண்டு தினம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, மனசுக்கும் சந்தோஷம். ஆனா ஐயா, இது தின்பண்டம், அது மருந்து. இதை நம்பி அதை நிறுத்தினா ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். பையன் கல்யாணத்துக்கு உங்களை நாற்காலியில தூக்கிட்டுத்தான் போகணும், பரவாயில்லையா?"

உங்கப்பா கைகால் விழறதைப் பத்தி ஒண்ணும் கேக்கல. "அப்போ இது மருந்து இல்லியா?"ன்னு மட்டும் கேட்டார். டாக்டரம்மா இல்லைன்னாங்க. ரொம்ப நாளா வேலை செஞ்ச இடத்துல, 'உன் பேரு பதிவுலயே இல்லையேப்பா'ன்னு சொன்னா ஒரு முகம் வருமே, அந்த முகம். வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் என் எதிர்ல மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடிச்சார். மிச்ச சாக்லேட்டையெல்லாம் வாரி என் மடியில வச்சு, "ஈஸ்டர் வரைக்கும் நீ வச்சுக்கோ"ன்னார். கோவமில்ல, சத்தமில்ல. எனக்குத் தெரிஞ்சு அவர் மெய்யா ஒண்ணை விட்டது இந்தத் தவக்காலத்துலதான். மாத்திரை சாப்பிடறாரேன்னு நான் நிம்மதியா இருக்கணும். அன்னிக்கு வெங்காயமே இல்லாத குழம்புக்கு நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னேன்.

அவர் விட்டதை நான் பிடிச்சேன், அதையும் சொல்லிடறேன். என் காவல்ல இருந்த பண்டம்தானே, இந்த மனுஷன் சுவத்தைப் பார்த்து உட்கார அதுல என்னதான் இருக்குன்னு ஒரு நாள் சின்னத் துண்டா எடுத்து, மெல்லாம, துப்பாம, நாக்கு மேல வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேன். முதல்ல கசப்பு. கொஞ்சம் பொறுத்தா இளகி ஓடி, காப்பிக் கொட்டை வறுக்கற வாசனை மாதிரி ஒண்ணு மூக்கு வரைக்கும் ஏறுது. கசப்புக்குப் பின்னால இனிப்பு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, அவசரப்பட்டா வெளியே வராது. உப்புக்கடலை ரெண்டு சேர்த்தா இன்னும் விசேஷம். பால் விடாத காப்பியோட இன்னும். ஆனா நம்ம ஊரு வெயில்ல மேசைமேல வச்சா குழம்பாயிடும், சகாயம் வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சா வஞ்சிரம் வாசனை பிடிச்சுக்கும். மூடி இறுகற சம்புடத்துல போட்டு, ஈரத்துணி சுத்தி, தண்ணிப்பானை ஓரமா வைக்கணும். உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, மாமியா கண்டுபிடிச்சதுன்னு.

இப்போ அறிவுரை சொல்ற இடம் வந்துருச்சு, ஆனா எனக்கு ஒண்ணும் தெளிவா வரல. பிரியத்தை மருந்துன்னு சொல்லிக் கொடுக்காதேன்னு எழுதலாம்னு உட்கார்ந்தேன். அந்தப் பொண்ணுக்கு மல்லிப்பூ வாங்கினா 'தலைவலிக்கு நல்லது'ன்னு சொல்லாதே, உனக்காக வாங்கினேன்னு சொல்லு. உனக்கு அவ வச்ச குழம்பு பிடிச்சா 'ம்'னு சொல்லாதே, வாயைத் திறந்து பிடிச்சிருக்குன்னு சொல்லு, பிடிக்கலைன்னாலும் சொல்லு. பாதி சொல்லிட்டு மீதிக்குக் கண்ணடிக்காதே, எதிர்ல இருக்கறவ எந்தப் பாதின்னு தெரியாம திண்டாடுவா, என்னை மாதிரி. இவ்வளவும் எழுதிட்டு யோசிச்சா, நீ மருந்துன்னு சொல்லியிருக்காட்டி உங்கப்பா அதை வாயில வச்சிருக்கவே மாட்டாரே! உன் பாதிப் பொய்தான் அவர் உசிரோட விளையாடிச்சு, அதே பாதிப் பொய்தான் அவருக்குன்னு ஒரு ஆசையைக் கொண்டாந்து கொடுத்துச்சு. உன்னைத் திட்டறதா, கும்பிடறதா? நீயே முடிவு பண்ணி எனக்கு எழுது. ஃபோன்ல மட்டும் அவருகிட்ட ஒரு வார்த்தை தெளிவா சொல்லிடு: மாத்திரை மாத்திரைதான், சாக்லேட்டு உனக்காக வாங்கினதுப்பா, ருசிக்குன்னு. கண்ணடிக்காம சொல்லு. ஃபோன்ல தெரியாதுன்னு நினைக்காதே.

ஈஸ்டர் அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லி முடிக்கிறேன். விடிஞ்சதும் அவர் மாத்திரையைப் போட்டுக்கிட்டார். நான் சம்புடத்தை எடுத்து எதிர்ல வச்சேன். வேணாம்னு சொல்லிடுவாரோன்னு எனக்குத்தான் பயம். பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் ஒரு துண்டை உடைச்சு, இந்தத் தடவை சுவத்தைப் பார்க்காம, என்னைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டு வாயில போட்டார். கன்னம் உப்பிச்சு. நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

"எப்டிங்க கீது?"

துண்டு கரைஞ்சு முடிஞ்சதும், "எனக்கு இது புடிக்கும்"னார்.

நான் திரும்பி நின்னு கண்ணாடியைப் பார்த்துப் புடவைக்கு ஊசி குத்த ஆரம்பிச்சேன், முகத்தைக் காட்ட வேணாம்னு. சந்தன நிறப் பட்டு, உன் கல்யாணத்துக்கும் கட்டலாம்னு வச்சிருந்தது. பின்னாலேருந்து உங்கப்பா, "உனக்கும் ஒரு துண்டு வச்சிருக்கேன்"னார். எங்கேன்னு நான் கேக்கல. நாற்காலியில உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினேன், அப்படியே உட்கார்ந்து அவர் தலை சீவி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன், அப்புறம் கோயிலுக்குப் போனோம். முன்வரிசையில இடம் கிடைச்சுது. முதல் பாட்டுக்கு எழுந்து நின்னேன். பின்வரிசையிலேருந்து சகாயம் குனிஞ்சு என் காதுல, "அக்கா, பூசை முடியற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க"ன்னா. உட்கார்ந்தேன். பின்பக்கம் தடவினேன், விரல்ல கறுப்பா இளகி ஒட்டிச்சு, நாற்காலியில எனக்குன்னு வச்ச துண்டு. அல்லேலூயா பாட ஆரம்பிச்சாங்க, கோயில் மொத்தமும் எழுந்து நின்னுச்சு. நான் உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா என்னைப் பார்த்துட்டு, என்னவோ காரணம் இருக்கும்னு அவரும் உட்கார்ந்தார். ஃபாதர் எங்களை ரெண்டு தடவை பார்த்தார்.